திருவிதாங்கூர்க் கிளை

1

நான் குடியிருக்கும் துறைமுக நகரத்தில் ஒரு போர்க்கப்பல் உண்டு. அதன் பெயரும் என் பெயரும் ஒன்று. எங்கள் இருவரில் நான்தான் மூத்தவன். அந்தக் கப்பல் முதன்முதலாகக் கடலில் இறங்கியபோது நான் நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, என் ஊரான அருமனைக்கும் வடசேரிப் பேருந்து நிலையத்துக்கும் இடையே வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். கப்பலுக்கு உடனே வேலை கிடைத்துவிட்டது.

சென்ற வாரம் அதன் ஆண்டு விழா நடந்தது. கல்லில் பெயர் வெட்டிய விவகாரம் என்ன ஆயிற்று என்று ஊரிலிருந்து பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போனில் சொன்னதில் இப்போது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை இருக்கிறது. அருமனைச் சந்தையில் உலவும் கதைப்படி எனக்கு இங்கே ஒரு மாளிகை கிடைத்திருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

பெயரை அப்படியே எழுத முடியாது. அந்தப் பெயருக்குரிய குடும்பத்தின் மூத்த அம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஸ்டான்வெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டை ஒருகாலத்தில் ஆண்ட பெரிய தலைவர். பேச்சில் வல்லவர். அவர் பெயரில் இங்கே கப்பல் மட்டுமல்ல, ஒரு சதுக்கம், அதில் அவருடைய சிலை, ஒரு மணிக்கூண்டு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மதுக்கடை எல்லாம் உண்டு. பிறகு நான்.

2

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில், மிஷன் சபைகள் வேர்விட்ட ஊர்களில், ஆண்பிள்ளைக்குப் பெயர் வைப்பது உலக வரலாற்றில் கைவைக்கிற காரியம். வேதாகமத்துப் பெயர்கள் போதாமல் போனபோது எங்கள் பெரியவர்கள் வெளிநாட்டுப் பிரதமர்களிடமும் தளபதிகளிடமும் போனார்கள். ரப்பர் பால்வெட்டுக்குச் சைக்கிளில் போகும் நான்கு பேர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனால், காதில் கேட்கிறவன் உலகப்போர் முடிந்து சமாதானப் பேச்சு நடக்கிறது என்று நினைப்பான்.

என் அப்பா தங்கமணி, ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் எடை போட்டவர். அவர் படித்த மிஷன் பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் இருந்தாராம். ஸ்டான்வெல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை ஒன்றிலிருந்து சில வரிகளைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பையனுக்கு அன்று பிரம்படி கிடையாது. அப்பாவுக்கு அந்த உரையில் ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. ஆனால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். தன்னை அடியிலிருந்து காப்பாற்றியவர் என்ற நன்றியில் மகனுக்கு அவர் பெயரை வைத்தார். ஞானஸ்நானத்தின்போது, "அது யார்?" என்று போதகர் கேட்டதற்கு, "நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னாராம்.

அதே வகுப்பில் அடிக்குப் பயந்தவர்கள் வேறு பலரும் இருந்திருக்கிறார்கள். அருமனையைச் சுற்றி இன்று பதினான்கு ஸ்டான்வெல்கள் இருக்கிறோம். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஊரில் யாரும் எங்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பேக்கரிக்காரர், கண்டக்டர், சவுண்டு சர்வீஸ், ஷீட்டுக்கடை என்று தொழிலைச் சொல்வார்கள். நான் தங்கமணியின் மகன்.

ஆக, பெயர் வைத்த பயனை அனுபவிக்க நான் கடல் கடக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒரு சிக்கல். என் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பிய நாகர்கோவில் ஏஜெண்ட், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஸ்டான்வெல் என்றும், சொந்தப் பெயர் என்ற கட்டத்தில் தங்கமணி என்றும் எழுதிவிட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் தங்கமணி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞன்கூட, "தங்கமணி, இங்கே வா" என்கிறான். அப்பாவைப் பெயர் சொல்லி அழைக்கிறானே என்று முதல் சில மாதங்கள் எனக்குக் கோபம் வரும். என் வேலை, துறைமுகத்தில் உள்ள எடைக் கருவிகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதிப்பது. அப்பாவும் தராசோடு இருந்தவர் என்பதால் ஒருவகையில் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

3

இந்த நகரத்துக்கு வந்த இரண்டாவது ஆண்டில் ஒரு தடித்த அட்டை அழைப்பிதழ் வந்தது. கப்பலின் ஆண்டு விழாவை முன்னிட்டுக் கப்பல் தளபதி ஸ்டான்வெல் குடும்பத்தாருக்கு விருந்தளிக்கிறார். நகரத்தில் அந்தக் குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எல்லோரும் என்றால், நானும் இன்னொரு வீடும்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. அவள் இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ். "உங்க பேருக்குத்தானே வந்திருக்கு. களவாண்டா போறீங்க?"

போனேன். கப்பலின் உணவுக்கூடத்தில் நீண்ட மேசை. வெள்ளிக் கரண்டிகள். நாற்காலிகளில் எல்லாம் நீண்ட மூக்குடைய வெள்ளைக்காரர்கள். என்னை ஒரு முதிய அம்மாளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பெயர் எலனர். தலைவரின் வம்சத்தில் இன்று உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. உட்கார்ந்த உடனேயே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் இந்தியாவில் பழைய திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்தவன், எனக்கும் உங்கள் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அப்பா ஒரு மரியாதைக்காக வைத்த பெயர், என்று.

திருவிதாங்கூர் என்ற சொல்லைக் கேட்டதும் எலனரின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவருடைய தாத்தாவுக்கு ஹென்றி என்று ஒரு தம்பி இருந்தாராம். திருவிதாங்கூர் மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அங்கே இருந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்கள் அப்பா ஒரு மரியாதைக்காக இந்தப் பெயரை வைத்தார்" என்று எலனர் மெல்லத் திருப்பிச் சொன்னார்.

"ஆமாம் ஆன்ட்டி" என்றேன்.

இதுதான் நான் செய்த தவறு. எங்கள் ஊரில் தாய் வயதுள்ள எந்தப் பெண்ணையும், பேங்க் மேனேஜராக இருந்தாலும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவராக இருந்தாலும், ஆன்ட்டி என்போம். பெயர் சொல்ல வாய் வராது. இந்த நாட்டில் அப்பாவின் தங்கையையோ அம்மாவின் அக்காவையோதான் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எலனரின் கண் கலங்கியது. மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். பிறகு உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அழைப்பு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நான் போய், ஹென்றியின் வாரிசு நானல்ல என்று மறுத்துச் சொன்னேன். மறுக்க மறுக்க அவர்களுக்கு என்மீது மதிப்புக் கூடியது. எவ்வளவு கண்ணியமான மனிதர், ஒன்றும் கேட்கமாட்டேன் என்கிறார், என்று எலனரின் அண்ணன் மகன் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அண்ணன் மகன்கள் இனிப்பு வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். நான்தான் கடைசிவரை இருந்து, எலனருக்குக் கோட்டு மாட்டிவிட்டு, கையைப் பிடித்துப் படியிறக்கி, டாக்சியில் ஏற்றுவேன். ஊரில் கல்யாண வீட்டில் பெரியவர்களுக்குச் செய்வதுதான். அதுவும் என் கணக்கில் உறவாகவே வரவாகியிருக்க வேண்டும்.

4

சதுக்கத்துச் சிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தலைவர்களின் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பாதுகாப்போம். பிறந்தநாளில் கூண்டைத் திறந்து ஏணி வைத்து மாலை போடுவோம். யார் முதலில் போடுவது என்று இரண்டு கட்சிக்காரர்கள் ஏணியைப் பிடித்து இழுப்பார்கள். இங்கே ஸ்டான்வெலுக்குக் கூண்டும் இல்லை, மாலையும் இல்லை. கடற்காகங்கள் மட்டும் அவர் தலையைத் தவறாமல் பயன்படுத்துகின்றன. சனிக்கிழமை இரவுகளில் மாணவர்கள் ஏறி, சாலையில் வைக்கும் சிவப்புக் கூம்பை அவர் தலையில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். ஞாயிறன்று ஆராதனைக்குப் போகும்போது பார்த்தால், தலைவர் பிறந்தநாள் விருந்துக்குக் கிளம்பியவர் போல நிற்பார்.

சில ஆண்டுகளாக அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்று ஒரு கோரிக்கை. அவர் பேசிய அழகான உரைகளில் பல, பிற நாடுகளை அடக்கி வைத்திருப்பதன் நியாயத்தைப் பற்றியவையாம். அப்பா ஒப்பித்த உரையும் அவற்றில் ஒன்று என்பதை அப்போதுதான் அறிந்தேன். கோரிக்கையை முன்னின்று நடத்துபவர்களில் ஒருத்தி என் மகள் ஜெனிஷா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். அவளும் ஸ்டான்வெல்தான். ஏஜெண்ட் எழுதியதன் இரண்டாம் தலைமுறை.

ஒருநாள் மாணவர் பத்திரிகையை மேசையில் பார்த்தேன். 'சொந்த மூதாதையின் சிலைக்கு எதிராக ஸ்டான்வெல் பேத்தி' என்று தலைப்பு. கீழே ஜெனிஷாவின் படம்.

"இது என்ன பிள்ளே?" என்றேன்.

"அவங்களா எழுதிட்டாங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"இல்லைன்னாவது சொன்னியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க சொன்னீங்களா அப்பா? எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க?"

சொன்னேன், நம்பவில்லை, என்றேன். என் காதுக்கே அது பலவீனமாகத்தான் கேட்டது.

5

நகராட்சி ஒரு சமாதானத்துக்கு வந்தது. சிலை போகாது. ஆனால் பீடத்தை மாற்றி, தலைவரின் நல்லதும் கெட்டதும் சேர்த்துக் கல்லில் எழுதுவார்கள். பீடத்தின் பின்பக்கம் குடும்பக் கிளைகளின் பெயர்கள் இடம்பெறும். புதுப் பீடம் வந்த அன்று மதிய உணவு இடைவேளையில் போய்ப் பார்த்தேன். திரை இன்னும் முழுதாகப் போடப்படவில்லை. கடைசி வரி புதிதாக வெட்டப்பட்டு, கல்தூள் ஒட்டியிருந்தது.

'திருவிதாங்கூர்க் கிளை: ஹென்றியின் வழியில் தங்கமணி ஸ்டான்வெல்.'

என் வேலையில், ஒரு தராசு ஒரு கிராம் கூடக் காட்டினால் அதற்குச் சிவப்பு முத்திரை வைத்துவிடுவேன். இங்கே என் அப்பாவின் பெயர், அவர் ஒருநாளும் பார்த்திராத ஒரு தோட்ட முதலாளியின் வாரிசாகக் கல்லில் நின்றது. இங்கே பார்ப்பவர்களுக்கு அது என்னுடைய பெயர். அருமனையில் பார்ப்பவர்களுக்கு அது அப்பா. கையை விட்டுத் தடவினேன். எழுத்து ஆழமாகவே இருந்தது.

ஒரு படம் எடுத்துச் சித்தப்பா மகன் ஜெபராஜுக்கு அனுப்பியது என் அவசரம். ஆலோசனை கேட்கத்தான் அனுப்பினேன். அவன் மறுநாளே அழைத்தான்.

"அண்ணே, கிளைன்னு போட்டா பங்கும் உண்டும்லா?"

"ஏலே, தப்பா எழுதிட்டானுவ. அதத்தான் சொல்லுகேன்."

"நீங்க அப்படிச் சொல்லாதீங்க. இஞ்ச அப்பா காலைலேந்து கண்ணாடிக்க முன்னால நிக்காரு. அவருக்கக் கண்ணு பூனைக்கண்ணுலா. இப்பதான் காரணம் தெரிஞ்சுதுன்னு சொல்லுகாரு. மீசைய வேற எடுத்துட்டாரு."

அம்மா மாலையில் அழைத்தார். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கேள்வியை வரிசையாகத்தான் கேட்பார்.

"மக்கா, ஜெபராஜ் ஒரு படம் கொண்டு காட்டினான். உனக்க அப்பாவுக்க பேரு கல்லுல கெடக்கு. என்ன கிளை அது?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு அம்மா."

"என்ன தப்பு? எழுத்துத் தப்பா, ஆளு தப்பா?"

"வம்சத் தப்பு."

பின்னால் தொலைக்காட்சியை யாரோ அணைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்க அப்பாவுக்க அம்மை மலைக்கு எஸ்டேட் வேலைக்குப் போனவதான். கூட ஏழு பொம்பளைய போனாவ. அந்திக்கு ஏழு பேரும் அவளும் சேந்தே எறங்கி வந்தாவ. ஒருநாளு பிந்தினது இல்ல. அவ செத்தபெறவு எவனோ ஒருத்தன் கல்லுல வேற கதை எழுதுவான், நீ அத நின்னு படம் எடுப்ப. இல்லியா?"

"மாத்திருவேன் அம்மா."

"திரை தொறக்கதுக்கு முன்ன மாத்து. தொறந்தபெறவு மாத்தினா, மறைச்சானுவன்னுதான் ஊரு சொல்லும்."

திறப்புக்கு மூன்று வாரம் இருந்தது.

6

நகராட்சியின் நினைவுச்சின்னப் பிரிவில் ஒரு இளம் அதிகாரி என்னை மிகுந்த மரியாதையோடு உட்காரவைத்தார். பெயரை நீக்க வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். நான் அந்தக் குடும்பமல்ல என்றேன். அதற்கு ஆதாரம் கேட்டார்.

"சேர்ப்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருந்தீர்கள்?"

"சேர்ப்பதற்கு ஆதாரம் தேவையில்லை. குடும்பத்தின் மூத்தவர் சொன்னால் போதும். நீக்குவதற்குத்தான் தேவை."

அப்பா இறந்தபோது வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் அலைந்தது நினைவுக்கு வந்தது. நான் அவர் மகன்தான் என்பதற்குக் குடும்ப அட்டை, சபைப் பதிவேடு, பக்கத்து வீட்டுக்காரர் இருவர் என்று எல்லாம் கொண்டுபோன பிறகும் எழுத்தர் என் முகத்தையும் அப்பாவின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே தங்கமணியின் மகன் என்று நிறுவ அவ்வளவு பாடு. இங்கே ஹென்றியின் பேரன் அல்ல என்று நிறுவ அதைவிடப் பாடு. நடுவில் நான் யாருமே இல்லாமல் நிற்பதாகப் பட்டது.

அப்பாவின் ஞானஸ்நானச் சான்றின் நகலைக் கொடுத்தேன். அதில் தாத்தாவின் பெயர் தெளிவாக இருந்தது. அதிகாரி இரக்கத்தோடு பார்த்தார். "அந்தக் காலத்தில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்" என்றார். "எலனர் அம்மாள் ஒரு வரி எழுதித் தந்தால் கல்வெட்டுக்காரரை அனுப்புகிறேன்."

அந்தப் பெயர் எங்கள் ஊரில் சாதாரணமாக வைக்கும் பெயர் என்று எலனருக்குப் புரியவைத்தால் போதும் என்று அப்போது தோன்றியது. ஜெபராஜை அழைத்து, ஊரில் உள்ள ஸ்டான்வெல்களை எல்லாம் ஒன்றாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரே பெயரில் இத்தனை பேர், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள், என்று பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும்.

ஜெபராஜ் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். ஞாயிறு ஆராதனை முடிந்து, பதின்மூன்று பேரையும் கோயில் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்திருந்தான். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சவுண்டு சர்வீஸ் தன் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்திருந்தார். என் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று என் பழைய படம் ஒன்றைப் பேக்கரிக்காரர் மார்போடு பிடித்திருந்தார். முன்வரிசையில், கூப்பிடாமலே வந்து, மீசையில்லாமல், பூனைக்கண்ணோடு சித்தப்பா.

7

எலனரை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தேன். அவர் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மனைவி முந்திரிக்கொத்து செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பாசிப்பயறும் வெல்லமும் உருட்டி மாவில் முக்கிப் பொரித்த எங்கள் பக்கத்துப் பலகாரம். எலனர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பல் தாங்கும் என்று உறுதியானதும் இரண்டாவதை எடுத்தார். ஜெனிஷா எதிரே உட்கார்ந்திருந்தாள். தலைவரைத் திட்டுகிறவளும் தலைவரின் வம்சமும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

படத்தைக் கணினித் திரையில் பெரிதாக வைத்தேன். இவர்கள் எல்லோருக்கும் உங்கள் தலைவரின் பெயர்தான், ஒருவருக்கொருவர் உறவே இல்லை, எங்கள் ஊர் வழக்கம் அப்படி, என்று நிறுத்தி நிதானமாக விளக்கினேன்.

எலனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பதின்மூன்று முகங்களையும் பார்த்தார். சித்தப்பாவிடம் வந்ததும் அவர் பார்வை நின்றுவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எங்களுக்கு ஒருவரைத்தான் தெரிந்திருந்தது" என்றார் தாழ்ந்த குரலில். "ஹென்றி இவ்வளவு பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மன்னிக்க வேண்டும். கல்லில் கிளை என்பதைக் கிளைகள் என்று மாற்ற இடம் இருக்கும். நான் பேசுகிறேன்."

ஜெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் அங்கே சிரிப்பது கேட்டது. நான் சிரிக்கவில்லை. திறப்புக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில் அம்மாவின் அழைப்பு. கூட்டம் நடக்கிறது என்று ஜெபராஜ் சொல்லியிருப்பான். ஜெனிஷா திரும்பி வந்து போனை எடுத்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். திரையில் அம்மாவின் நெற்றியும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

"அவிய வந்தாச்சா? எனக்குப் பேசணும். ஏட்டி ஜெனி, நான் சொல்லுகத அப்படியே சொல்லு. அழகுபடுத்தாத."

"சரி பாட்டி."

"அவியகிட்டக் கேளு. அவிய வீட்டுல எவனுக்காவது தங்கமணின்னு பேரு உண்டுமா?"

ஜெனிஷா கேட்டாள். இல்லை என்றார் எலனர்.

"முத்தையான்னு? ஞானமணின்னு? பெண்ணுக்கு ஞானம்மைன்னு?"

இல்லை, இல்லை.

"அந்த ஹென்றி நம்ம வீட்டு ஆளா இருந்தா, இஞ்சேந்து ஒரு பேராவது அவருக்கக் கூட அங்க வந்திருக்கும். பெத்த பிள்ளைக்க பேரு அவரு நாக்குல ஒருநாளாவது வந்திருக்கும். வரல. நாங்க பேரை மட்டுந்தான் எடுத்தோம். ஆளை எடுக்கல. சொல்லு."

ஜெனிஷா சொன்னாள். அழகுபடுத்தவில்லை. எலனர் நெடுநேரம் யோசித்தார். நேர்மையான மனுஷி.

"ஒரு பெயர் வந்தது" என்றார். "திருவிதாங்கூரிலிருந்து வந்த பிறகு ஹென்றி ஒரு நாய் வளர்த்தார். ராஜா என்று பெயர்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று ஜெனிஷா என்னைப் பார்த்தாள். அப்படியே சொல் என்று கைகாட்டினேன். சொன்னாள். திரையில் மின்விசிறி சுற்றியது.

"ஜெனி" என்றார் அம்மா. "நம்ம வீட்டு நாய்க்கு என்ன பேரு?"

"ஜிம்மி."

"அதுக்கு முன்ன இருந்ததுக்கு?"

"டாமி."

"அப்போ ஜிம்மியும் டாமியும் அவிய குடும்பமா? அதையும் கல்லுல வெட்டுவாவளான்னு கேளு."

ஜெனிஷா கேட்டு முடிப்பதற்குள் எலனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு கோப்பை குலுங்கித் தேநீர் தட்டில் சிந்தியது. அம்மாவும் சிரித்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு கிழவிகள் நாய்களை வைத்துச் சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எலனர் என்னைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் அப்படி என்னைப் பார்த்ததில்லை. என் முகத்தில் ஹென்றியைத் தேடாமல் பார்த்தார்.

"அப்படியானால் நீங்கள் எனக்கு யாரும் இல்லை" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. கூட்டிப் பார்த்து விடை சொல்வது போலத்தான் சொன்னார்.

ஆமாம் என்றேன். நான் கேட்டுப் போராடியது அதைத்தான். சொல்லிவிட்டு, தட்டில் சிந்தியிருந்த தேநீரைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் ஒரு தாள் கேட்டார். உறவு இல்லை என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டுத் தந்தார். முந்திரிக்கொத்தில் மிச்சமிருந்ததை ஜெனிஷா ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

8

கல்வெட்டுக்காரர் அந்த வரியை இழைத்து எடுத்துவிட்டார். திறப்பு நாளில் போய்ப் பார்த்தேன். மற்ற கிளைகளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் கல் சற்றுக் குழிந்து வழவழப்பாக இருக்கிறது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "இப்ப கொள்ளாம், நல்லாருக்கு" என்று பதில் வந்தது. சித்தப்பா மீண்டும் மீசை வளர்க்கிறார்.

ஜெனிஷா சிலைக்கு எதிரானவர்களின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, தான் தலைவரின் பேத்தி அல்ல என்றும், தலைவரின் பேச்சைப் பொருள் தெரியாமல் ஒப்பித்து அடி தப்பியவரின் பேத்தி என்றும் சொன்னாளாம். முன்பு கிடைத்த கைதட்டலில் பாதிதான் கிடைத்ததாம். "ஆனா பாதிப் பேர் வந்து தாத்தாவைப் பத்திக் கேட்டாங்க" என்றாள். அன்றிரவு அவள் அந்த உரையை எடுத்து வைத்துக்கொண்டு, தாத்தா ஒப்பித்தது எந்தெந்த வரி என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

சென்ற வாரம் ஆண்டு விழா வந்தது. அழைப்பிதழ் வரவில்லை. வரக்கூடாதுதான். மாலையானதும் மனைவி பழக்கத்தில் என் கோட்டைத் தேய்த்து வைத்துவிட்டாள். வைத்ததைத் திரும்ப அலமாரியில் போட மனமில்லாமல், பொதுமக்கள் பார்வையிடும் வரிசைக்காவது போகலாம் என்று கிளம்பினேன். ஜெனிஷாவும் வந்தாள். கப்பலைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை உள்ளே பார்த்துவிட வேண்டுமாம்.

வரிசை நீளமாக இருந்தது. மழை தூறியது. விருந்தினர்களுக்கான சாய்தளத்தின் ஓரம், காகிதமும் பேனாவுமாக ஓர் இளம் மாலுமி. எலனரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அண்ணன் மகன் ஒருவர் தள்ளிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைக் கடந்து நான்கு அடி போன பிறகு நாற்காலி நின்றது.

எலனர் திரும்பி எங்களைக் கைகாட்டி அழைத்தார். போனோம். மாலுமி தன் காகிதத்தில் மேலிருந்து கீழாகத் தேடினான்.

"குடும்பமா?" என்று கேட்டான்.

"இல்லை" என்றார் எலனர். "ஒரு உறவும் கிடையாது. நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னோடு வருகிறார்கள்."

மாலுமி குழம்பினான். குடும்பத்தாருக்கு ஒரு பக்கம், அதிகாரிகளுக்கு ஒரு பக்கம், நகரப் பிரமுகர்களுக்கு ஒரு பக்கம் வைத்திருந்தான். எங்களை எதில் எழுதுவது என்று கேட்டான்.

"எதிலும் எழுதாதே" என்றார் எலனர். பிறகு, அண்ணன் மகனை நகரச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தள்ளும்படி எனக்குக் கைகாட்டினார்.